மதிலைத் தாழ்த்தியவர் யார்? பிரான்சில் தேசிய முன்னணி வளர்ந்த வரலாறு

2002ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் இரவு, அதிபர் தேர்தலின் முதற்சுற்று முடிவைக் கேட்டுப் பிரான்சு திகைத்தது. பிரதமர் பதவியிலிருந்த சோசலிசக் கட்சி வேட்பாளர் லியோனல் ஜோஸ்பன் மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். தேசிய முன்னணியின் தலைவர் ழான்-மாரி லெ பென் ஏறத்தாழ 17 விழுக்காடு வாக்குகளுடன் இரண்டாம் இடம் பெற்றார். அவரைத் தடுக்க இடதுசாரிகள், தாங்கள் காலமெல்லாம் எதிர்த்த ழாக் சிராக்குக்கே வாக்களித்தனர். சிராக் 82 விழுக்காடு பெற்று வென்றார். தீவிர வலதுசாரியை விலக்கிவைக்க ஏனைய கட்சியினர் ஒன்றுகூடும் இவ்வழக்கத்தைப் பிரெஞ்சுக்காரர் ‘குடியரசு முன்னணி’ என்பர். சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, லெ பென்னின் மகள் மரீன் லெ பென் இரண்டாம் சுற்றில் 41 விழுக்காடு பெற்றார். இடையில் அம்மதில் தாழ்ந்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரை ஆராயும் வினாவாகும்.

1972இல் தோன்றிய தேசிய முன்னணியின் நிறுவனர்களுள், நாஜிப் படையில் பணியாற்றியவரும் இருந்தனர். 1974 அதிபர் தேர்தலில் லெ பென் ஒரு விழுக்காடு வாக்குகூடப் பெறவில்லை. 1981இல் போட்டியிடுவதற்குத் தேவையான மக்கள் பிரதிநிதிகளின் 500 கையொப்பங்களும் அவருக்குக் கிட்டவில்லை. திருப்பம் 1983இல் ட்ரோ என்னும் சிறு நகரில் நேர்ந்தது. நகரமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்றில் மரபார்ந்த வலதுசாரிகள் தேசிய முன்னணியுடன் பட்டியலை இணைத்துக்கொண்டு வென்றனர். தீண்டத்தகாததாகக் கருதப்பட்ட கட்சி முதன்முறையாகக் கூட்டாளி ஆயிற்று.

அடுத்த வாயிலை இடதுசாரி அதிபர் பிரான்சுவா மித்தரான் திறந்தார். 1986 நாடாளுமன்றத் தேர்தலுக்கு அவர் ஆட்சி விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அதனால் பத்து விழுக்காட்டிற்குச் சற்றே குறைந்த வாக்குகளைக் கொண்டு தேசிய முன்னணி 35 இடங்களை வென்றது. 1988இல் பழைய இருசுற்று முறை மீண்டது. வாக்கு விகிதம் ஏறத்தாழ அதுவே, இடமோ ஒன்றே ஒன்று. ஆயினும், இரண்டாண்டுக் காலம் நாடாளுமன்ற மேடையில் பெற்ற அறிமுகத்தை எவராலும் திரும்பப் பெற முடியவில்லை.

கட்சி வேரூன்றிய மண்ணையும் நோக்க வேண்டும். வடபிரான்சின் நிலக்கரிப் படுகையில் இறுதிச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. அப்பகுதியிலிருந்த பெரிய ஈய உருக்காலை 2003இல் மூடப்பட, எண்ணூறுக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அண்டை நகரமான ஏனான்-போமோன் நெடுங்காலம் இடதுசாரிகளின் கோட்டையாக இருந்தது. அதன் மேயர் 2009இல் நிதி முறைகேட்டு வழக்கில் பதவி இழந்தார். 2014இல் தேசிய முன்னணி அங்கு முதற்சுற்றிலேயே பாதிக்கு மேற்பட்ட வாக்குகளுடன் வென்றது. தம்மைக் காக்க வேண்டியோர் கைவிட்டனர் என்னும் மனக்குறையே அங்கு வாக்காக மாறியது.

அம்மனக்குறையை ஆட்சியாளரே வளர்த்தனர். 2002இல் இடதுசாரிகளின் வாக்கைப் பெற்ற சிராக், தம் அணியினரை மட்டுமே கொண்டு ஆட்சி அமைத்தார். 2005இல் ஐரோப்பிய அரசியலமைப்பு உடன்படிக்கையை 55 விழுக்காட்டினர் பொது வாக்கெடுப்பில் நிராகரித்தனர். அதன் பெரும்பகுதி லிஸ்பன் உடன்படிக்கையாக மறுவடிவம் பெற்றபோது, 2008இல் நாடாளுமன்றமே அதற்கு ஒப்புதல் அளித்தது; மக்களிடம் மீண்டும் கேட்கப்படவில்லை.

சொற்களின் வரலாறும் இங்கு நம் கவனத்திற்குரியது. 2007இல் நிக்கொலா சர்கோசி ‘குடிநுழைவு, தேசிய அடையாளம்’ ஆகியவற்றுக்கென ஓர் அமைச்சகம் அமைத்தார். அவ்வாண்டு லெ பென்னின் வாக்கு பத்து விழுக்காட்டளவிற்குச் சுருங்கியது. ஆனால், 2012இல் மரீன் ஏறத்தாழ 18 விழுக்காடு பெற்றார். கடனாகப் பெற்ற சொற்கள், அவற்றுக்கு உரியவரிடமே வட்டியுடன் திரும்பின எனலாம். 2011இல் தலைமையேற்ற மரீனும் சொற்களை மாற்றினார். 2015இல் தந்தையைக் கட்சியிலிருந்து நீக்கினார். 2018இல் கட்சியின் பெயரை ‘தேசியப் பேரணி’ என்று மாற்றினார். வேலையிலும் வீட்டு வசதியிலும் குடிமக்களுக்கே முதலிடம் என்னும் ‘தேசிய விருப்புரிமை’ கொள்கை, ‘தேசிய முன்னுரிமை’ எனப் பெயர் மாறியது. பெயர் மாறிற்று, உட்பொருள் மாறவில்லை.

2024 ஜூலையில் மதில் மீண்டும் எழுப்பப்பட்டது. இடதுசாரிகளும் நடுநிலையாளரும் இருநூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்களை விலக்கிக்கொண்டனர். முதற்சுற்றில் முன்னணியில் நின்ற தேசியப் பேரணி, கூட்டாளிகளுடன் சேர்ந்தும் 577 இடங்களில் ஏறத்தாழ 140 இடங்களையே பெற்றது. எனினும், ஏனான்-போமோனின் வேலையிழந்த குடும்பங்களுக்கு அத்தேர்தல் எந்த விடையையும் தரவில்லை. ஒருவரைத் தடுப்பதற்காகத் தம் எதிரணிக்கு வாக்களித்த குடிமக்கள், அவ்வாக்குக்கு என்ன மதிப்பு என்று கேட்கின்றனர். அக்கேள்விக்கு 2002இலேயே விடை கூறியிருந்தால் பிரான்சின் அரசியல் வேறு பாதையில் சென்றிருக்கக்கூடும்.