மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று: கடவுச்சொல் விதிகளின் கதை



புரோசார்டில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எனக்கு ஒரு பட்டம் உண்டு: "கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை". உங்களில் பலருக்கும் வீட்டில் இதே பட்டம் இருக்கும். அதனால் போன வருடம் வகுப்பின் கணக்குகளைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆசிரியர்கள், உதவியாளர்கள், பெற்றோர் என்று நாற்பது பேர் வரை. மின்னஞ்சல், மாணவர் பதிவேடு, புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில்.

நிர்வாகப் பக்கத்தில் "கடவுச்சொல் விதிகள்" என்று ஒரு பகுதி இருந்தது. குறைந்தது எத்தனை எழுத்து? பெரிய எழுத்து, இலக்கம், குறியீடு கட்டாயமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? எத்தனை முறை பிழைவிட்டால் கணக்கைப் பூட்டுவது? நான் யோசிக்கவே இல்லை. எல்லாப் பெட்டியிலும் சரி போட்டேன். 90 நாள். மூன்று பிழை. கடுமையாக இருந்தால் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

தொண்ணூற்றோராம் நாள் தவணைப் புள்ளிகளைப் பதிய வேண்டிய சனிக்கிழமையாக அமைந்துவிட்டது. எங்கள் மூத்த ரீச்சருக்கு எழுபத்தொரு வயது. புதுச் சொல் கேட்டது, கொடுத்தார், மறந்தார், மூன்று தரம் பிழைவிட்டார், கணக்குப் பூட்டிக்கொண்டது. மாலையில் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, எனக்கு இந்த பாஸ்வேர்ட் எல்லாம் சரிவராது. அடுத்த தவணைக்கு வேற ஆளைப் பாருங்கோ."

நாற்பது வருடம் படிப்பித்தவர். நான் போட்ட நாலு சரியால் போகப் பார்த்தார். அன்றிரவுதான் முதல்முறையாக யோசித்தேன்: இந்த விதிகளை யார் எழுதினார்கள்? ஏன் 90 நாள்? ஏன் ஒரு குறியீடு? தேடிப் படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அலிபாபாவின் குகையில் இரண்டு பயம்

அலிபாபா கதை உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் அம்மம்மாவிடம் கேளுங்கள், 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்தை அவர் பார்த்திருப்பார். அந்தக் கதையில் ஒரு மந்திரச் சொல் குகைக் கதவைத் திறக்கிறது. அது இரண்டு விதமாகத் தோற்கிறது. முதலில், மறைந்திருந்த அலிபாபா அதைக் கேட்டுவிடுகிறான். பிறகு உள்ளே போன அவனுடைய அண்ணன் காசிம் அதை மறந்துவிடுகிறான். உள்ளேயே மாட்டிக்கொண்டு உயிரை விடுகிறான்.

கடவுச்சொல்லின் முழு வரலாறும் இந்த இரண்டுக்குள் அடங்கும். பிறர் அறிந்துவிடுவார்களோ என்ற பயம் ஒன்று. உரியவரே மறந்துவிடுவாரோ என்ற பயம் மற்றது. விதி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பயத்தை வைத்தே எழுதினார்கள். இரண்டாவதைச் சுமந்தது சாதாரண மனிதர்.

பழைய ரோமப் படையிலும் கடவுச்சொல் இருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் அதை விவரித்திருக்கிறார். இரவுக்கான சொல்லை ஒரு சிறு மரப்பலகையில் எழுதி, ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குக் கைமாற்றுவார்கள். இருட்டுவதற்கு முன் பலகைகள் எல்லாம் திரும்பி வர வேண்டும். ஒன்று வராவிட்டால் எந்தப் பிரிவில் நின்றது என்று கண்டுபிடித்துவிடலாம். கவனியுங்கள்: வீரன் அந்தச் சொல்லை ஒரு இரவுக்கு நினைவில் வைத்தால் போதும். பலகை எங்கே போனது என்று கண்காணிப்பது முகாமின் வேலை.

முதல் கணினிக் கடவுச்சொல், முதல் திருட்டு

கணினிக்குக் கடவுச்சொல் வந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை ஒன்றை உருவாக்கியது. 1961இல் அதை இயக்கிக் காட்டினார்கள். ஒவ்வொருவரின் கோப்பையும் தனியாக வைக்க வேண்டும் என்பதால் ஆளுக்கொரு கடவுச்சொல்.

அடுத்த வருடமே திருட்டு நடந்தது. அலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணிநேரம்தான் கணினி கிடைத்தது. அது போதவில்லை. துளையிட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தால் எந்தக் கோப்பையும் அச்சிட்டுத் தருவார்கள் என்று கண்டார். ஒரு வெள்ளி இரவு கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே கேட்டார். சனி காலை தாளாக வந்தது! அவர் அதை ஒப்புக்கொண்டது ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து.

1960களின் நடுவில் அதே கணினியில் ஒரு மென்பொருட் பிழை நடந்தது. உள்ளே நுழைபவர்களுக்குக் காட்டும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக, எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன.

இந்த இரண்டு சம்பவத்திலும் பயனர் எந்தப் பிழையும் செய்யவில்லை. சொல் எவ்வளவு கடினமாக இருந்திருந்தாலும் தாளில் வந்திருக்கும். பிழை சேமித்த இடத்தில் இருந்தது.

மாவும் உப்பும்

இதற்கு நல்ல விடை ஒன்று 1960களிலேயே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிடைத்தது. கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றிச் சேமிப்பது. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது அல்லவா? நீங்கள் சொல்லைத் தட்டும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று கணினி பார்க்கும்.

ஆனால் திருடனும் அகராதியில் உள்ள சொற்களை எல்லாம் அரைத்துப் பார்க்கலாமே? 1979இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மொரிசும் கென் தாம்சனும் யுனிக்ஸ் கணினிகளின் அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். அவர்கள் சேகரித்த கடவுச்சொற்கள் 3,289. அவற்றில் 86 வீதம் மிகக் குறுகியவை, அல்லது அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ இருந்தவை. 15 பேர் ஒரே ஒரு எழுத்தை வைத்திருந்தார்கள்.

அவர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, ஒவ்வொரு சொல்லோடும் வேறு வேறு எண்ணைக் கலந்து அரைப்பது. அதற்குப் பெயரே "உப்பு". இருவர் ஒரே சொல்லை வைத்தாலும் மாவு வேறாக இருக்கும். திருடன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அரைக்க வேண்டும். இது கணினி சுமக்கும் வேலை. மற்றது, சொல் குறுகியதாக இருந்தால் நீளமாகத் தரும்படி பயனரைக் கேட்பது. இது மனிதர் சுமக்கும் வேலை. பிறகு வந்த காலம் இரண்டாவது வழியில்தான் அதிக தூரம் போனது.

90 நாள் எங்கிருந்து வந்தது?

1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பச்சை அட்டையோடு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் கணக்கு எளிது. ஒருவன் விடாமல் ஊகித்துக்கொண்டிருந்தால் ஒருநாள் சொல் அகப்படும். அதற்கு முன் மாற்றிவிடு. அவர்கள் சொன்ன உச்சக் காலம் ஒரு வருடம். அதோடு, கடவுச்சொல்லைக் கணினியே உருவாக்கித் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்கள். மனிதரே சொல்லைத் தெரிவு செய்யும் உலகத்தில் "மாற்று" என்ற பகுதி மட்டும் தங்கியது. பல நிறுவனங்களில் வருடம் மூன்று மாதமாகச் சுருங்கியது.

அடுத்த பெயர் பில் பர். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்டில் வேலை செய்தவர். 2003இல் அவர் எழுதிய எட்டுப் பக்கப் பின்னிணைப்பு 2004இல் வெளிவந்தது. பெரிய எழுத்து, இலக்கம், குறியீடு கலக்கும் வழக்கம் உலகெங்கும் பரவ அது பெரிய காரணம். மக்கள் உண்மையில் எப்படிச் சொல் வைக்கிறார்கள் என்று பார்க்க அவர் ஆசைப்பட்டார். தன் நிறுவனத்தின் கணினிப் பொறுப்பாளர்களிடம் கேட்டார், அவர்கள் தரவில்லை. எனவே 1980களின் பழைய ஆவணம் ஒன்றை நம்பி எழுதினார்.

உண்மையான சொற்களை உலகம் பார்த்தது 2009 டிசம்பரில். ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடி 20 லட்சம் கடவுச்சொற்கள் களவுபோயின. உப்பும் இல்லை, மாவும் இல்லை. அப்படியே அரிசியாகச் சேமித்திருந்தார்கள். அதிகம் பேர் வைத்த சொல் 123456.

2010இல் வட கரோலைனாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றக் கட்டாயப்படுத்தப்பட்ட 7,700க்கும் மேற்பட்ட பழைய கணக்குகளை ஆராய்ந்தார்கள். ஒருவரின் பழைய சொல் தெரிந்தால் புதியதைக் கண்டுபிடிக்கலாமா? 17 வீதமான கணக்குகளில் ஐந்து ஊகங்களுக்குள் கிடைத்தது. காரணம் உங்களுக்கே தெரியும். கடைசியில் இருக்கும் 1 அடுத்த முறை 2 ஆகும். நாம் எல்லோரும் செய்வதுதான்.

2017இல் நிஸ்ட் தன் விதிகளைத் திருப்பி எழுதியது. குறியீட்டைக் கட்டாயப்படுத்தாதே. களவுபோன அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லாதே. மாறாக, புதிய சொல் ஏற்கனவே கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று நீயே பார். அதே வருடம் பில் பர், தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அப்போது அவருக்கு 72 வயது. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. 2019இல் மைக்ரோசொப்ட் தன் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை நீக்கியது. 2025இல் நிஸ்ட் இன்னும் உறுதியாக, இந்த இரண்டையும் கட்டாயப்படுத்தவே கூடாது என்றது. கடவுச்சொல் ஒன்றே பூட்டாக இருந்தால் குறைந்தது 15 எழுத்து என்றும் சொன்னது.

கனடாவில், 2020 ஆவணி

இது தூரத்துக் கதை இல்லை. கொரோனாக் காலத்தில் வேலை இழந்தவர்களுக்கு நான்கு வாரத்துக்கு 2,000 டொலர் வந்தது நினைவிருக்கிறதா? நம் வீடுகள் பலவற்றில் அந்தக் காசில்தான் வாடகை கட்டினார்கள். 2020 ஓகஸ்டில் மத்திய அரசின் ஜிசிகீ நுழைவுமுறையில் 9,041 பேரின் கடவுச்சொற்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகவும், வருமானவரி முகவரகத்தின் ஏறக்குறைய 5,500 கணக்குகள் தாக்கப்பட்டதாகவும் அரசு அறிவித்தது. பின்னர் அந்த எண்ணிக்கை பல மடங்கு கூடியது. சிலருடைய பெயரில் திருடர்களே உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள்.

திருடர்கள் எதையும் ஊகிக்கவில்லை. வேறு இணையத்தளங்களிலிருந்து முன்பே களவுபோன சொற்களைக் கொண்டுவந்து இங்கே போட்டுப் பார்த்தார்கள். ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வைத்தவர்கள் அகப்பட்டார்கள். அந்தச் சொல்லில் ஒரு பெரிய எழுத்தும் ஒரு ஆச்சரியக்குறியும் இருந்திருந்தால் என்ன பயன்? அதோடு, பாதுகாப்புக் கேள்வியைத் தாண்டிப் போகும் ஓட்டை ஒன்றும் அரசின் பக்கத்தில் இருந்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். கடினமான சொல்லை அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர் என்ன செய்வார்? ஒன்றை மனப்பாடம் செய்து எல்லா இடத்திலும் போடுவார். கடுமையான விதியே அந்த ஆபத்தை வளர்க்கிறது.

நான் மாற்றிய பெட்டிகள்

எங்கள் வகுப்பில் இப்போது 90 நாள் இல்லை. குறியீடு கட்டாயம் இல்லை. குறைந்தது 15 எழுத்து. தொடர்பில்லாத நான்கு சொற்கள் போதும். கசிந்த பட்டியலில் இருந்தால் ஏற்காது. மூன்று பிழைக்குப் பூட்டுவதற்குப் பதிலாக, பத்துப் பிழைக்குப் பிறகு சிறிது நேரம் காத்திருக்க வைக்கும். பதிவேட்டைத் திறக்கும் எங்கள் சிலருக்கு மட்டும் கைப்பேசியில் இரண்டாவது உறுதிப்படுத்தல். ஒவ்வொரு இடத்துக்கும் வேறு சொல் வைக்கக் கடவுச்சொல் பெட்டகச் செயலியைக் காட்டிக் கொடுத்தேன். அது பிடிக்காதவர்களிடம், வீட்டில் பூட்டிய அலுமாரிக்குள் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள் என்றேன். கசிந்த பட்டியலை வைத்துத் தாக்கும் திருடன் அந்த அலுமாரிக்கு வரப்போவதில்லை.

தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா என்று ரீச்சர் கேட்டார். நல்ல கேள்வி. நிஸ்டின் விதிப்படி எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்பது நல்லது. ஆனால் "கொ" என்பதில் வரும் கொம்பையும் காலையும் ஒரு விசைப்பலகை ஒரே குறியாக அனுப்பலாம். இன்னொன்று இரண்டாகப் பிரித்து அனுப்பலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே அரைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. எல்லாச் சேவையும் அதைச் செய்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. எனவே இப்போதைக்குத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னேன்.

ரீச்சர் தன் நான்கு சொற்களை யோசித்து வைத்துவிட்டார். அடுத்த தவணைப் புள்ளிகளை அவரே பதிந்தார். என்ன சொற்கள் என்று நான் கேட்கவில்லை. "சமையலறையில நிண்டு யோசிச்சன்" என்று மட்டும் சொன்னார்.

"கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை" என்ற பட்டம் உங்களுக்கும் இருந்தால், ஒருநாள் அந்தப் பெட்டிகள் உங்கள் முன்னாலும் வரும். சரி போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சுமையைக் கணினி தூக்குமா, அல்லது காசிமைப் போல யாராவது உள்ளே மாட்டிக்கொள்வார்களா?

உங்கள் வீட்டில் கடவுச்சொல்லை யார் மறக்கிறார்கள்? இன்றைக்கு அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.