வளர்ப்பு விலங்குகள் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தல்

நாயோ பூனையோ தனக்குப் பழகிய இடத்தை விட்டு, படுக்கை, மிதியடி, துவைக்கப் போட்ட துணி, செருப்பு, பை என்று வீட்டுச் சாமான்களின் மேல் சிறுநீர் கழிப்பதற்கு நோய், எல்லை குறித்தல், அச்சம், பழக்கமின்மை, முதுமை ஆகியவை காரணங்கள். திட்டியதற்குப் பழிவாங்குகிறது என்று வீட்டார் சொல்வதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. அந்த நம்பிக்கையால் விளையும் கேடு பெரிது. பழி என்று நினைத்தவர் அடிக்கிறார். நோய் என்று நினைத்தவர் மருத்துவரிடம் தூக்கிச் செல்கிறார்.

திருவள்ளூர் மாவட்டத்தின் பழைய கிராம வீடுகளில் இது பெரிய சிக்கலாக இருந்திருக்க வாய்ப்பில்லை. நாய் திண்ணையிலும் தெருவிலும் கிடக்கும். பூனை கூரையிலும் கொல்லையிலும் திரியும். அதே மாவட்டத்தில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் வளர்ந்தபோது, உருக்காலைகளுக்கும் மற்ற ஆலைகளுக்கும் வேலைக்கு வந்தவர்களுக்காக லைன் வீடுகளும் மாடி வீடுகளும் எழுந்தன. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு என்று இருக்கும் வீட்டில் விலங்குக்குக் கொல்லை ஏது? வேலைக்குப் போனவர் ஷிப்ட் முடிந்து திரும்பும்வரை கதவு பூட்டியிருக்கும். ஓவர்டைம் வந்தால் 12 மணி நேரமும் ஆகும். வளர்ந்த நாயே அத்தனை நேரம் அடக்கத் திணறும். குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி அதோடு ஒன்றைக் கூட்டினால், பகலில் அது தாங்கக்கூடிய அதிகபட்ச நேரம் தோராயமாகக் கிடைக்கும் என்பது பயிற்சியாளர்களின் கணக்கு. அதன்படி 3 மாதக் குட்டி 4 மணி நேரம் தாங்கும். காலை ஷிப்டுக்குப் போகிறவர் மாலையில் ஈரத் தரையைப் பார்த்துக் குட்டியை அடித்தால், எதற்கு அடி விழுகிறது என்று அதற்குத் தெரியாது.

பூனைகளில் முதலில் ஐயப்பட வேண்டியது சிறுநீர்ப்பையை. நீர்க்கடுப்பு வந்த பூனைக்கு மணல் பெட்டியில் உட்காரும்போது வலிக்கிறது. பெட்டிதான் வலியைத் தருகிறது என்று பதிந்துவிட்டால், அது மெத்தை, துணிக்குவியல் போன்ற மெத்தென்ற இடங்களைத் தேடிப் போகும். அடிக்கடி உட்காருவது, சொட்டுச் சொட்டாகப் போவது, சிறுநீரில் இரத்தச் சாயல், குறியை ஓயாமல் நக்குவது ஆகியவை இதன் அடையாளங்கள். 10 வயதுக்கு உட்பட்ட பூனைகளில் கிருமித்தொற்று குறைவு. காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சியே பாதிக்கு மேல். அடுத்த நிலையில் வருபவை கற்களும் படிகங்களும். போர்வெல் தண்ணீரின் உப்பால்தான் கல் வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. இம்மாவட்டத்தின் மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்திருப்பது உண்மை. ஆனாலும் விலங்குக்குக் கல் உண்டாவதில் உணவு, இனம், தொற்று, குறைவாகத் தண்ணீர் குடிப்பது ஆகியவற்றின் பங்கே பெரிது.

கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். பெட்டியில் உட்கார்ந்து முக்கிக் கத்தும் கடுவனுக்கு மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வலிக்கென்று பாராசிட்டமால் கொடுத்தால் அதுவே பூனையைக் கொல்லும். 1903இல் வேப்பேரியில் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இப்பகுதியினர் போய்வரக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது.

நாய்களில் சிறுநீர்த்தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கருத்தடை செய்யாத பெட்டை, பருவம் முடிந்த சில வாரங்களில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து வீட்டுக்குள் போனால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு உடனடியாக அறுவை சிகிச்சை தேவைப்படும். கருத்தடை செய்த பெட்டைகள் சிலவற்றுக்கு, பெரிய இனங்களில் கூடுதலாக, தூக்கத்தில் சிறுநீர் கசியும். எழுந்துபோன இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருக்கும். நாய்க்கே அது தெரியாது. மாத்திரையால் இது பெரும்பாலும் கட்டுப்படும். மருத்துவரிடம் போகும்போது காலைச் சிறுநீரைச் சுத்தமான கரண்டியில் ஏந்தி, மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, ஓரிரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நோயறிதல் எளிதாகும்.

எல்லை குறித்தல் வேறு வகை. பூனை நின்றபடி வாலைச் செங்குத்தாகத் தூக்கி, வால்நுனி நடுங்க, சுவர், பீரோ, திரைச்சீலை போன்றவற்றின் மேல் கொஞ்சமாகப் பீய்ச்சும். ஆண் நாய் காலைத் தூக்கும். இதில் புதிய வாசனை ஒரு பெரிய தூண்டுதல். இரவில் திருட்டுக்குப் பயந்து பைக்கை வீட்டுக்குள் ஏற்றி நிறுத்துவது வழக்கம். தெருவில் நின்றபோது அதன் டயரில் ஊர் நாய்கள் எல்லாம் காலைத் தூக்கியிருக்கும். அந்த டயரை ஒரு நிமிடம் முகர்ந்துவிட்டு வீட்டு நாயும் தன் பங்குக்கு நனைக்கும். பக்கத்தில் கிடக்கும் வேலைக்காலணிக்கும் சாப்பாட்டுப் பைக்கும் அதே கதி. வண்டியை வெளியே நிறுத்தி, காலணியை அலமாரியில் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிக்குக் கருத்தடை. கடுவன்களில் ஏறத்தாழ 10இல் 9 பீய்ச்சுவதைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்யும். நாய்களில் பலன் உண்டு, அந்த அளவுக்கு இல்லை.

பூனைச் சிறுநீரின் நெடிக்குக் காரணம் ஃபெலினின் என்ற அமினோ அமிலம். கருத்தடை செய்யாத கடுவனில் இது மிகுதி. இது சிதையச் சிதையக் கந்தகச் சேர்மங்கள் வெளியேறுவதால், புதிதில் இல்லாத வீச்சம் மறுநாள் எழும்.

பூனை பெட்டிக்கு வெளியே போவதில் வீட்டு ஒழுங்கு குலைவதற்கும் பங்குண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, சிறுநீர்ப்பை அழற்சியுள்ள 20 பூனைகளையும் நலமான 12 பூனைகளையும் 77 வாரங்கள் கவனித்தது. உணவு வேளையோ பராமரிப்பவரோ மாறிய வாரங்களில் நலமான பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பிட மறுத்தன, பெட்டிக்கு வெளியே போயின. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் வீடுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். யார் வேலைக்குப் போனாலும் வந்தாலும் சோறு வைக்கும் நேரத்தை மாற்றாமல் வைத்திருப்பது நல்லது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பொது அறிவுரை. ஒற்றையறை வீட்டில் அதற்கு இடமில்லாதபோது, இருக்கும் பெட்டியை நாளுக்கு இரண்டு முறை அள்ளிச் சுத்தம் செய்வதே வழி.

தீபாவளி வெடிச்சத்தத்தில் அடக்க முடியாமல் போவதும், மிரட்டினால் மல்லாந்து படுத்துச் சிறுநீர் விடுவதும் அச்சத்தின் வேலை. அதற்கு அடித்தால் இன்னும் கூடும். வயதான நாய் கதவு எங்கே என்பதையே மறந்திருக்கலாம். மூட்டுவலி உள்ள கிழப்பூனையால் உயரமான பெட்டிக்குள் ஏற முடியாமல் போகலாம்.

சுத்தம் செய்வதில் நம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது பினாயில். அதன் பீனால் சேர்மங்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க முடியாது. ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போகும். பிளீச்சிங் பவுடர் சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைத் திணறவைக்கும் குளோரமின் வாயுவை எழுப்பும். அம்மோனியா கலந்த திரவங்களின் நெடியோ விலங்குக்குச் சிறுநீராகவே தோன்றும். துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத்தண்ணீரால் கழுவி, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவத்தை ஊற்றி ஊறவிட வேண்டும். கையுறை அவசியம். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயின் சிறுநீர் வழியாகவும் மனிதருக்குத் தொற்றும். மழைநீர் தேங்கும் மாதங்களில் ஆபத்து கூடும். இதற்கான தடுப்பூசியை நாய்க்கு ஆண்டுதோறும் போட வேண்டும்.

சிக்கல் தீராத வீடுகளில் விலங்கைச் சங்கிலியிலேயே கட்டிப்போடுவதும், வண்டியில் ஏற்றி நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடுவதும் நடக்கிறது. தாங்க முடியாத குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், பசியிலோ தாகத்திலோ வாட நேரும் நிலையில் விலங்கைக் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றங்கள்.