தென்னை மரமும் ஹெச்.எம்.வி. நாயும்

புவனகிரி பக்கத்துல எங்க மாமா தென்னை மரத்துலேர்ந்து விழுந்துட்டார். கடலூர்ல ஒரு இடத்துல கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்துட்டு, "எலும்பு நல்லாருக்கு, சதைப் பிடிப்புதான்"னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. நாலாம் நாள் கை மரத்துப் போச்சு. சிதம்பரத்துல சி.டி. எடுத்தா ஏழாவது கழுத்தெலும்புல முறிவு! எக்ஸ்ரேக்கு ஏன் தெரியலைன்னு தேடப் போய் வந்தது இந்தப் பதிவு. (நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்ல. தப்பிருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க.)

எக்ஸ்ரேங்கிறது நிழல். பக்கவாட்டுல எடுக்கும்போது கடைசி கழுத்தெலும்பை ரெண்டு தோளும் சேர்ந்து மறைச்சிடும். மாமாவுக்கு தோள் அகலம் வேற.

பல கோணத்து நிழல்லேர்ந்து உருவத்தைக் கணக்குப் போட்டு எடுக்கலாம்னு 1917லயே ராடான்ங்கிற ஆஸ்திரியக் கணித மேதை நிரூபிச்சிட்டார். அதை மெஷினாக்கினவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. வேலை பார்த்தது ஈ.எம்.ஐ.யில. பழைய இசைத்தட்டுல குழாய் முன்னாடி நாய் உட்கார்ந்திருக்குமே, அந்த ஹெச்.எம்.வி.யோட தாய்க் கம்பெனி! மனுஷனுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. அதுக்கு முன்னாடி எமிடெக் 1100ங்கிற கம்ப்யூட்டர் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கினவர். அவரோட சோதனைக் கருவி ஒரு படத்துக்கு அளவெடுக்க 9 நாள், கணக்குப் போட இரண்டரை மணி நேரம். (நாம பில்டுக்கு அஞ்சு நிமிஷம் ஆனா புலம்புறோம்.) 1971 அக்டோபர் 1ல லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில முதல் நோயாளியைப் படம் பிடிச்சாங்க. 1979ல ஆலன் கார்மாக்கோட சேர்த்து நோபல்.

ஆனா அந்த மெஷின்ல தலை மட்டும்தான் நுழையும். முழு உடம்பு மெஷின் கொஞ்ச வருஷத்துல வந்தது. 1983ல பிரான்சிஸ் டெனிஸ் 412 முதுகெலும்புக் காயங்களை ஆராய்ஞ்சு, முதுகெலும்பை மூணு தூணாப் பிரிச்சார். உயரத்துலேர்ந்து விழறப்போ நடுத்தூண் நொறுங்கினா, எலும்புச் சில்லு பின்னால தள்ளி தண்டுவடத்தை அழுத்தும். சி.டி. குறுக்குவெட்டுல அந்தச் சில்லு பளிச்சுனு தெரியும்.

1989ல ஸ்பைரல் சி.டி., 1998ல ஒரே சுத்துல நாலு வெட்டு எடுக்கிற மெஷின்னு வேகம் கூடிச்சு. 2005ல வந்த ஒரு தொகுப்பாய்வுக் கணக்கைப் பார்த்துதான் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அடிபட்டு வந்தவங்களோட கழுத்தெலும்புக் காயங்கள்ல எக்ஸ்ரே கண்டுபிடிச்சது 52 சதவீதம், சி.டி. 98. கிட்டத்தட்ட பூவா தலையா!

அதுக்காக சி.டி.யையும் கண்ணை மூடிட்டு நம்ப முடியாது. எலும்புல கில்லாடி, தண்டுவடம், தசைநார் விஷயத்துல எம்.ஆர்.ஐ.தான். ரெண்டு விதமான ஆற்றல்ல படமெடுத்து, சுண்ணாம்பைக் கணக்குல கழிச்சு, எலும்பு மஜ்ஜை வீக்கத்தைக் காட்டுற சி.டி.யும் வந்தாச்சு. புது முறிவா பழசான்னு சொல்ல அது உதவும். கை மரத்ததால மாமாவுக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்தாங்க. நல்லவேளை, தண்டுவடம் தப்பிச்சது.

மூணு மாசம் கழுத்துப் பட்டையோட இருந்தார். இப்போ தேங்கா பறிக்க ஆள் வருது. "அந்தக் குலை இல்லடா, பக்கத்துக் குலை"ன்னு கீழேர்ந்து அண்ணாந்து பார்த்துக் கத்துறார். "கழுத்தைத் தூக்காதீங்க"ன்னு திண்ணையிலேர்ந்து அத்தை கத்துறாங்க.