அளந்து கொடுப்பவள்

ஆங்கிலக் கதைகள் படிக்கிறவர்களுக்கு 'நெமிசிஸ்' என்ற சொல் புதிதல்ல. என்ன செய்தாலும் வெல்ல முடியாத எதிராளியை அந்தப் பெயரால் குறிப்பிடுகிறார்கள். ஷெர்லக் ஹோம்ஸின் நெமிசிஸ் யார் என்று கேட்டால், 1893-ல் வெளிவந்த கதையில் அருவிக்கரையில் அவரோடு மல்லுக்கு நின்ற மொரியார்ட்டிதான் என்று சொல்லிவிடுவார்கள். பழைய கிரேக்கன் ஒருவன் இதைக் கேட்டால் சிரித்திருப்பான். "குற்றம் செய்தவன் எப்படி ஐயா நெமிசிஸ் ஆவான்? அவனுக்கல்லவா ஹோம்ஸ் நெமிசிஸ்!" என்றிருப்பான்.

கிரேக்க மொழியில் 'நெமெய்ன்' என்றால் பங்கிட்டுக் கொடுத்தல். அவரவருக்கு உரியதை அளந்து கொடுப்பது நெமிசிஸ். ஹோமரின் காவியங்களில் தகாத காரியத்தைக் கண்டதும் நல்லவர்கள் மனத்தில் எழும் கோபத்துக்கு அந்தப் பெயர். ஹெஸியட் அவளை இரவின் மகளாக்கினார். உலகம் அடியோடு கெட்டுப்போகும் நாளில் நாணமும் நெமிசிஸும் வெள்ளாடையால் தம்மை மூடிக்கொண்டு மனிதரை விட்டுப் போய்விடுவார்கள் என்றும் அவர் பாடி வைத்தார். அநியாயத்தைக் கண்டு கோபப்பட ஆளில்லாத ஊர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

லிடியாவின் அரசன் குரோசஸ், ஏதன்ஸிலிருந்து வந்த ஞானி சோலோனுக்குத் தன் பொக்கிஷத்தை எல்லாம் காட்டிவிட்டு, உலகிலேயே பெரிய பாக்கியசாலி யார் என்று கேட்டான். சோலோன் அவன் பெயரைச் சொல்லவில்லை. தன்னையே பெரிய பாக்கியசாலியாக நினைத்துக்கொண்ட அவனை நெமிசிஸ் பற்றியது என்று எழுதுகிறார் ஹெரோடோடஸ். எப்படிப் பற்றியது? பகைவன் படையெடுத்து வரவில்லை. பன்றி வேட்டைக்குப் போன மகனுக்குக் காவலாக அரசனே ஒருவனை அனுப்பினான். அந்தக் காவலன் பன்றியைக் குறிவைத்து எறிந்த ஈட்டி குறி தவறி மகன்மேல் பாய்ந்தது.

கி.மு. 490-ல் பாரசீகர்கள் மாரத்தான் கரையில் இறங்கியபோது நடந்ததாக இன்னொரு கதை உண்டு. சொல்கிறவர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரீஸைச் சுற்றிப் பார்த்து எழுதிய பவுசானியாஸ். வெற்றி நிச்சயம் என்ற மிதப்பில், ஜயஸ்தம்பம் நாட்டுவதற்கென்றே பாரோஸ் தீவின் சலவைக்கல்லைப் பாரசீகர்கள் கூடவே கொண்டுவந்தார்களாம். தோற்று ஓடினார்கள். கல் அங்கேயே கிடந்தது. மாரத்தானுக்கு வடக்கே, ராம்னூஸ் என்ற கடலோர ஊரில், நெமிசிஸின் சிலையாக அது எழுந்தது. செதுக்கியவர் மகாசிற்பி பீடியஸ் என்கிறார் பவுசானியாஸ்; அவருடைய சீடர் அகோராகிரிடஸ் என்பது மற்றொரு வழக்கு. போருக்கும் சிலைக்கும் இடையில் சுமார் 60 ஆண்டுகள் ஓடியிருந்தன; ஆகவே கல்லின் கதை வெறும் கதையாகவே இருக்கலாம். சிலை மெய். உடைந்த தலையின் ஒரு துண்டு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தேவியின் ஒரு கையில் ஆப்பிள் கிளை, மறு கையில் கிண்ணம். வாள் கிடையாது. பிற்காலச் சிற்பிகள் அவளுக்கு அளவுகோலும் கடிவாளமும் சக்கரமும் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்டவள் எப்படி வெறும் எதிராளி ஆனாள்? அடி வாங்குகிறவன் கண்ணுக்கு அளந்து கொடுப்பவள் பகைவியாகத்தானே தெரிவாள்? ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றில் பிரெஞ்சுக்காரர்களை நடுங்க வைத்த ஆங்கிலத் தளபதி டால்பட்டுக்கு இந்தப் பெயர் வந்துவிடுகிறது. 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நியாயம் என்ற பொருள் தேய்ந்து போட்டி மட்டுமே மிஞ்சியது. நம்மிடமும் இது உண்டு. "அவனுக்கு இவன்தான் எமன்" என்கிறோம். அந்த எமனுக்கே தருமன் என்றும் நடுவன் என்றும் பெயர் இருப்பதை நினைப்பதில்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தத் தேய்மானம் வருத்தம் தருகிறது. எதிராளி வெளியே இருக்கிறான் என்று நினைத்துவிட்டால், நம் கணக்கைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

1839-ல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓர் இரும்பு நீராவிக் கப்பல் கட்டினார்கள். பெயர் நெமிசிஸ். இந்தியாவில் விளைவித்த அபினைச் சீனாவின் தலையில் கட்டுவதற்காக நடந்த யுத்தத்தில், 1841-ல் காண்டன் ஆற்று முகத்தில் அது சீனர்களின் மரக்கலங்களைச் சின்னாபின்னமாக்கியது. அபின் விற்கிறவர்கள் நியாய தேவதையின் பெயரைத் தங்கள் பீரங்கிக் கப்பலுக்குச் சூட்டிக்கொண்டார்கள்! பாரசீகர்கள் ஏற்றி வந்த சலவைக்கல்தான் எனக்கு நினைவு வருகிறது.

1857-ல் அந்தக் கம்பெனியின்மேல் விழுந்த அடி சீனாவிலிருந்து வரவில்லை. கம்பெனியே சம்பளம் கொடுத்து, துப்பாக்கி கொடுத்து, காவலுக்கு நிறுத்தியிருந்த சிப்பாய்களிடமிருந்து வந்தது. மறு ஆண்டு, 1858-ல், கம்பெனியின் ஆட்சி முடிந்தது.

குரோசஸ் அனுப்பியதும் ஒரு காவலனைத்தான்.