மலையேறி வந்த படிப்பும் மேல்மலைப் பெண்களும்

பழனி மலையில் கல்வி நிலையங்களுக்கு எப்போதும் பஞ்சமில்லை. செண்பகனூரில் சேசு சபையார் தங்கள் குருமாணவர்களுக்காக 1895இல் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் வந்த பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. இவை இரண்டும் மலைக்காரர்களுக்காக வந்தவை அல்ல. குளிருக்காக மலையேறி வந்தவை. 1984இல் தமிழக அரசு நிறுவிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தை அந்தக் கணக்கில் சேர்த்துவிட முடியாது. ஆனாலும் அட்டுவம்பட்டியில் அதன் வளாகம் எழுந்துவிட்டதாலேயே மேல்மலைக் கிராமமான பூம்பாறையின் பூண்டுத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண் பட்டம் வாங்கிவிட மாட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், பகலெல்லாம் வகுப்பில் இருக்கக் கூலியை விட வேண்டும். தூரத்தைவிட இவைதான் பெரிய தடை. இந்தத் தடைகளைத் தாண்டத்தான் தொலைநிலைக் கல்வி. அதில் பாடம் தபாலில் வந்ததா, தொலைக்காட்சியில் வந்ததா, இணையத்தில் வந்ததா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். எந்தத் துணைவேந்தர் எந்தச் சேர்க்கை விதியைத் தளர்த்தினார் என்பதில்தான் அதன் உண்மையான வரலாறு இருக்கிறது.

மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியபோது கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அச்சடித்த பாடக் கட்டு தபாலில் வரும். விடுமுறை நாட்களில் கான்டாக்ட் கிளாஸ். பிறகு ஹால் டிக்கெட்டோடு தேர்வு மையத்துக்குப் பயணம். 'கரஸ்ல படிச்சேன்' என்று சற்றே கூச்சத்தோடு சொல்கிற ஆசிரியர்களும் எழுத்தர்களும் தென்மாவட்டங்களில் ஏராளம். (அந்தக் கூச்சத்துக்கு அவசியமே இல்லை.) அந்தப் பல்கலைக்கழகத்தில் 1978-79இல் துணைவேந்தராக இருந்தவர் வா.செ.குழந்தைசாமி, நீரியல் துறைப் பொறியாளர். அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவிக்குப் பிறகு 1990 முதல் 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) துணைவேந்தர். 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் நிறுவனத் தலைவர். அஞ்சலில் இருந்து இணையம் வரை ஒரே மனிதரின் பணிவாழ்வுக்குள் அடங்கிவிடுகிறது. இதில் முக்கியமான இடம் இக்னோதான். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காதவர்களும் ஓர் ஆயத்தப் படிப்பைத் தாண்டிப் பட்டப்படிப்பில் சேர அங்கே வழி இருந்தது. இணையப் பல்கலைக்கழகம் தொழில்நுட்பத்தில் அதைவிடப் புதியது. ஆனால் அதன் கண் கடல்கடந்த தமிழர்கள் மீதே பெரிதும் இருந்தது, மேல்மலையின் மன்னவனூர் மீது அல்ல.

வாசலை அகலத் திறந்தால் பட்டத்தின் மதிப்பு போய்விடும் என்பார்கள். வெறும் மேட்டிமைப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இளங்கலை படிக்காமல் நேரடியாக எடுத்த முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறந்தநிலை என்ற பெயரில் படிகளையே பிடுங்கி எறிந்த பல்கலைக்கழகங்கள் தாங்களே தேடிக்கொண்ட வினை அது. விலை கொடுத்தவர்களோ மாணவர்கள். ஆனால் அங்கே தோற்றது குறுக்குவழிதானே தவிர, தொலைவிலிருந்து படிப்பது அல்ல. இளங்கலையை முறையாக முடித்து அஞ்சல்வழியில் முதுகலை படித்தவருக்கு அந்தத் தீர்ப்பால் குந்தகம் வரவில்லை. படியை எடுத்துவிடுவதும், ஏற முடியாதவருக்குக் கைப்பிடி வைத்துக் கொடுப்பதும் ஒன்றல்ல. ஆயத்தப் படிப்பு இரண்டாவது வகை.

மேல்மலையில் சிக்னலே சரியாகக் கிடைக்காதபோது இணையவழிப் படிப்பால் என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி. நியாயமானதுதான். ஆய்வகம் வேண்டிய படிப்புகளுக்கு இணையம் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அச்சுப் பாடத்தையும் இணையத்தையும் சேர்த்துக் கொடுக்க யாரும் தடை சொல்லவில்லை. எனக்குப் பெரிய கவலை விதிகளைப் பற்றியது. 2020ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிமுறைகள், நாக் தர மதிப்பீட்டிலோ தேசியத் தரவரிசையிலோ மேலே நிற்கும் பல்கலைக்கழகங்களுக்கே இணையவழிப் பட்டம் நடத்த எளிதில் வழிவிடுகின்றன. போலிப் படிப்பு மையங்களை ஒடுக்க அது தேவைதான். ஆனால் அந்தத் தரவரிசையில் கிளாவரை போன்ற மலைக் கிராமத்திலிருந்து எத்தனை பெண்களைச் சேர்த்தீர்கள் என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. மேல்மலை அரசுப் பள்ளி ஒன்றில் தேர்வு மையம் திறந்தால் எந்தத் துணைவேந்தருக்கும் இடம் உயரப் போவதில்லை.