நம் வீட்டு வால்வின் கதை



போன ஏப்ரலில் பி பிளாக் மூன்றாவது மாடியில் ஒரு குளியலறைக் குழாய் உடைந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வீட்டு கேட் வால்வைத் திருகினார்கள். சக்கரம் சுற்றியது, தண்ணீர் நிற்கவில்லை. மொட்டைமாடிக்கு ஓடி அந்த லைனின் வால்வை மூடப் பார்த்தால் அது அசையவே இல்லை. ரிஞ்சு போட்டுத் திருப்பியதில் ஸ்பிண்டில் முறிந்தது. டேங்க் காலியானது, கீழ்வீட்டுக் கூரை ஒழுகியது, பன்னிரண்டு வீடுகள் மறுநாள் மாலை வரை குடத்தோடு அலைந்தன. உடைந்தது ஒரு வீட்டுக் குழாய். அவதி பன்னிரண்டு வீட்டுக்கு. இப்படி ஆகக்கூடாது என்றுதான் வால்வு என்ற பொருளே உண்டானது. அதன் கதையைத் தேடிப் படித்தேன். நமக்கு உபயோகமாக இருக்கும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

ரோமானியர்களிடமே வீட்டு வால்வு இருந்தது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தில், ஈயக் குழாய்களோடு வெண்கல வால்வுகளும் கிடைத்திருக்கின்றன. அமைப்பு எளியது. குறுக்கே துளையிட்ட ஒரு வெண்கலக் கட்டை. துளை குழாய்க்கு நேராக நின்றால் தண்ணீர் வரும். கால் சுற்றுத் திருப்பினால் அடைபடும். பல நூற்றாண்டுகள் இந்த முறைதான் ஓடியது. உலோகத்தோடு உலோகம் உரசுவதால் தேயத் தேயக் கசியும் என்பதே இதன் குறை.

இங்கிலாந்தில் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஊர்களில் தண்ணீர் தினம் சில மணி நேரம்தான் வரும். மக்கள் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். தாமஸ் ஹாக்ஸ்லி என்ற பொறியாளர் 1830-களில் நாட்டிங்காம் நகரத்தில் இரவும் பகலும் அழுத்தத்தோடு தண்ணீர் கொடுத்துக் காட்டினார். இதில் ஒரு சிக்கல் உண்டு. 24 மணி நேரமும் தண்ணீர் இருந்தால் கசிவும் 24 மணி நேரம்தான். பழைய கட்டை வால்வைச் சட்டென்று மூடினால், அழுத்தத்தில் குழாயே அதிரும்.

இதற்கு வழி 1845-ல் வந்தது. ராதர்ஹாம் ஊரைச் சேர்ந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பு நிறுவனம், திருகி மூடும் குழாய்க்குக் காப்புரிமை பெற்றது. திருகு மெதுவாக இறங்கி ஒரு வாஷரை அழுத்தும். தேய்ந்தால் வாஷரை மட்டும் மாற்றினால் போதும். 1871-ல் லண்டனுக்கு இடைவிடாத தண்ணீர் தரச் சட்டம் வந்தபோது, வீட்டுக் குழாயும் வால்வும் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகளும் கூடவே வந்தன.

சென்னையில் 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டித் தர ஆரம்பித்தார்கள். இன்றும் நம் சம்புக்கு மெட்ரோ தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. ஆனால் சம்பிலிருந்து மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றிவிட்ட பிறகு, நம் வீட்டுக்குள் 24 மணி நேரத் தண்ணீர்தான். ஹாக்ஸ்லி காலத்துச் சிக்கல் அப்படியே நமக்கும் பொருந்தும்.

அடுத்த திருப்பம் 1938. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாக டெஃப்லானைக் கண்டுபிடித்தார். வழுவழுப்பான அந்த வளையங்களுக்கு நடுவே துளையிட்ட உலோக உருண்டையை வைத்ததுதான் இன்றைய பால் வால்வு. அதே ரோமானியக் கால் சுற்று, கசிவு மட்டும் இல்லை. கைப்பிடி குழாயோடு சேர்ந்து நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பதற்றத்தில் யாரும் தடுமாற வேண்டாம்.

நம் கட்டடத்தில் இருப்பவை பெரும்பாலும் 1996-ல் போட்ட கேட் வால்வுகள். எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஸ்பிண்டிலின் அடியில் கசிந்தால், அங்குள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் பிளம்பரிடம் சொல்லி உள்ளே சுற்றியிருக்கும் நூலை மாற்றலாம். இது பழுது பார்க்கக்கூடியது. ஆனால் சக்கரம் சுற்றியும் தண்ணீர் நிற்காவிட்டாலோ, சக்கரம் அசையாவிட்டாலோ, பித்தளை செம்பு நிறமாக மாறிப் பொரிந்திருந்தாலோ மாற்றுவதே நல்லது. பலத்தைக் காட்டித் திருகாதீர்கள். பி பிளாக்கில் நடந்தது அதுதான். பழைய ஜி.ஐ. குழாயில் வால்வைக் கழற்றும்போது மரையே உடையலாம். அதனால் மாடி லைனை மூடிவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

அதற்கு முதலில் மாடி வால்வுகள் மூட வேண்டுமே! ஆகவே என் யோசனை: மொட்டைமாடி வால்வுகளைச் சங்கச் செலவில் முதலில் மாற்றுவோம். பிறகு பிளாக் பிளாக்காக நாள் குறித்து, தேவைப்படும் வீடுகள் தங்கள் செலவில் மாற்றிக்கொள்ளட்டும். ஒரு நாள் தண்ணீரை நிறுத்தினால் ஒரு பிளாக் வேலை முடிந்துவிடும். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச வேண்டுகிறேன்.

புதிய வால்வானாலும் வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் உப்பு படிந்து இறுகிவிடும். நம் மடல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. மடல் வரும் அன்று உங்கள் வீட்டு வால்வை மெதுவாக ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். இந்த இதழுக்கு இன்றே செய்யலாம். மூட முடியாவிட்டால், அலுவலகப் பதிவேட்டில் வீட்டு எண்ணை எழுதி வையுங்கள்.