கிளம்சி: மரத்துப்போன கையின் கதை

1/ கையிலிருந்து பொருளை நழுவ விடுறவங்களை 'கிளம்சி'ன்னு சட்டுனு சொல்லிடுறோம். ஆனா அந்தச் சொல்லோட வேர் கவனக்குறைவு இல்லைங்க.

2/ இடைக்கால ஆங்கிலத்தில் 'கிளம்சன்' என்றால் குளிரில் மரத்துப்போவது. மரத்த விரல் எதையும் சரியாப் பிடிக்காது. அதிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'கிளம்சி' வந்தது. காலப்போக்கில் குளிர் மறந்துபோச்சு, தடுமாற்றம் மட்டும் நின்னுடுச்சு.

3/ 1967இல் நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் ஒரு வகைச் சிறு பக்கவாதத்தை விவரித்தார்: பேச்சு குழறும், ஒரு கை தடுமாறும். அதன் பெயரிலேயே 'கிளம்சி ஹேண்ட்' உண்டு.

4/ வீட்டுப் பெரியவங்க கையிலிருந்து திடீர்னு டம்ளர் நழுவி, பேச்சும் குழறுதா? "பார்த்துப் பிடிக்கக் கூடாதா"ன்னு திட்டாதீங்க. மணியைக் குறிச்சுக்கிட்டு 108ஐக் கூப்பிடுங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமா முதல் 4.5 மணி நேரத்துக்குள்ளதான் போட முடியும்.